நாலாவது நகர்வில் ஒரு குதிரை

ஜூலை 3, வியாழன்

காலையில் தண்ணீர் விட்டார்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு அம்மாள் தெருவே கேட்கும்படி சத்தம் போட்டாள். மோட்டாரை நிறுத்தச் சொல்லி இவரிடம்தான் சொல்லிவிட்டு மீன் வாங்கப் போயிருந்தேன். பேப்பரில் மூழ்கிவிட்டாராம். நானும்தான் மறக்கிறேன். நேற்று குழம்புக்கு உப்பே போடவில்லை.

சாயங்காலம் சிதம்பரராஜ் அண்ணன் வந்தார். துறைமுக ஆபீசில் இவரோடு வேலை பார்த்தவர். ரிட்டயரான பிறகு வியாழக்கிழமைதோறும் செஸ் ஆட வருகிறார். வருகிறார், தோற்கிறார், காப்பி குடிக்கிறார், போகிறார். இவர் ஒரு காலத்தில் ஆபீஸ் அணிக்கு ஆடி மெட்ராஸ் வரைக்கும் போய் வந்தவர், யார் ஜெயிக்க முடியும்? "மூளையா தங்கச்சி இது, தீட்டின கத்தில்லா" என்றார் அண்ணன், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஷைனி புனேயிலிருந்து போன் செய்தாள். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாளாம். போன தடவை ஆறாம் மாதத்தில் கலைந்தது. அதை நினைத்து இந்தத் தடவை எல்லாருக்கும் பயம். மாப்பிள்ளை ரெக்ஸ் கப்பலில் இருக்கிறான், இப்போதைக்குக் கரை இறங்க மாட்டான்.

"எம்மா, நீ எப்ப வார?"

"வாரேன்ட்டி. அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வாரேன்."

இவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "போயிட்டு வா பிலோ. நான் என்ன கைக்குழந்தையா?" என்றார். கூட வாருங்கள் என்றால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. போன டிசம்பரில் ரயிலில் போனபோது வழியில் டீ குடிக்க இறங்கி வேறு பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதை நாங்கள் எல்லாரிடமும் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீடு முழுக்க கேஸ் வாடை. அடுப்பைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடப் போனாராம். தேடப் போன இடத்தில் பழைய ஆல்பம் கிடைத்ததாம், உட்கார்ந்துவிட்டார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

அந்த லைட்டர் எப்போதுமே சரியில்லை. புதிது ஒன்று வாங்கி அடுப்புக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாமா என்று மெதுவாகக் கேட்டேன். சுகர், பிரஷர் எல்லாம் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றுதான் ஆரம்பித்தேன். இவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னைய செஸ்ல ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் எந்த டாக்டர்ட்ட வேணா வாரேன்."

கல்யாணமான வருஷத்திலிருந்து ஆடுகிறோம். நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. டெலிபோன் எக்சேஞ்சில் எத்தனையோ நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தவள், இந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் மக்கு. ஆனாலும் பலகையை எடுத்தேன். நான் கையை எடுக்கும் முன் இவர் கை பதில் சொல்கிறது. சிப்பாய், குதிரை, மந்திரி எல்லாம் தானாகப் போய் அதனதன் இடத்தில் நிற்கின்றன. ஆடிக்கொண்டே, ஷைனிக்கு அனுப்பின பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். இரண்டு நகர்வு கழித்து மறுபடியும் அதையே கேட்டார். ஆட்டத்தில் என்னைத் துவைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஆடுகிறவருக்கு ஒன்றும் இருக்க முடியாது.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் ஆடினோம். மூன்றாவது நகர்விலேயே ஓரத்துச் சிப்பாயை, ஒரு காரணமும் இல்லாமல், சும்மா ஒரு கட்டம் தள்ளினேன். யாரும் செய்யாத அசட்டு நகர்வு. இவர் எப்போதும் போலக் கையை நீட்டினார், நீட்டின கை அப்படியே நின்றது. அந்தச் சிப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சிப்பாயைப் பார்த்தார். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, போய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

"பல்லு வலிக்கு பிலோ" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

கிராம்புத் தைலம் வாங்க வேண்டும். வலது பக்கப் பல் என்றார். அந்தப் பல்லைப் போன வருஷம் பிடுங்கியாயிற்று. ஆனால் அந்தப் பக்கம் வேறு பல்லும் இருக்கிறதே.

ஜூலை 13, ஞாயிறு

பொழுது போகாமல் போனில் செஸ் வீடியோ பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இவர் மத்தியானம் கண்ணயரும்போது அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். சென்னைப் பையன் ஒருவன், "மக்களே, மக்களே" என்று வாய் ஓயாமல் பேசுகிறான். ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளுக்கு ஓப்பனிங் என்று பெயராம், யாரும் ஆடாத ஓப்பனிங் எது என்று தேடித் தேடிப் பார்த்தேன். சும்மாதான், ஒரு ஆசைக்கு.

ஜூலை 15, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஹாலோவீன் கேம்பிட் என்று பெயர். வெளிநாட்டில் பேய்க்கு ஒரு பண்டிகை கொண்டாடுவார்களாம், அதன் பெயராம். பண்டிகைக்குத் தகுந்த ஓப்பனிங்தான்.

முதல் மூன்று நகர்வும் பச்சைக் குழந்தைகூட ஆடும். இரண்டு பக்கமும் நடுச் சிப்பாய், அப்புறம் இரண்டிரண்டு குதிரைகள். நாலாவதில் வெள்ளைக் காய் ஆடுகிறவன் தன் குதிரையைக் கொண்டுபோய்க் காவல் உள்ள சிப்பாயை வெட்டுகிறான். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை. கறிக்கடையில் இப்படி யாவாரம் செய்தால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான். கறுப்பு அந்தக் குதிரையை எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்கள் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, கறுப்புக் குதிரைகளைத் துரத்துகின்றன. நன்றாக ஆடுகிறவனே குழம்பிப்போவானாம். "மனப்பாடமா ஆடுறவன் இங்க காலி மக்களே, இங்க யோசிக்கத் தெரியணும்" என்றான் பையன்.

அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

முருங்கைக்காய் மலிவு. கேஸ் பதிந்தேன். போனில் கம்ப்யூட்டரோடு ஆடி, குதிரையைக் கொடுத்துவிட்டு, தோற்றேன்.

ஜூலை 19, சனி

தோற்றேன். என் சிப்பாய்கள் கட்சி ஊர்வலம் போல நடுவில் போய் நிற்கின்றன, பின்னால் ஆளில்லை.

இவர் இப்போதெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு வாசல் கேட்டில் போய் நிற்கிறார். காற்று வாங்குகிறாராம். இன்று நானும் போய் நின்றேன். "இன்னைக்கு வேன் லேட்டு" என்றார். எந்த வேன் என்று நான் கேட்கவில்லை. ஷைனி பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில் வேன் நாலு மணிக்குத்தான் வரும்.

ஜூலை 21, திங்கள்

எழுதிவிடுகிறேன். என் டைரியில் நானே ஒளித்துவைத்து யாருக்கு என்ன லாபம்?

பொழுது போகாமல் நான் இதைப் படிக்கவில்லை. இவர் ஜெயிப்பதெல்லாம் கை ஜெயிப்பதா, தலை ஜெயிப்பதா என்று எனக்குத் தெரிய வேண்டும். தடம் போட்ட ரோட்டில் இவர் கை தானாகப் போகும், ஆயுசுக்கும் போகும். தடமே இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்க்க வேண்டும். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியது சும்மா கிறுக்கல், அதில் ஒன்றும் தெரியாது. இதில் பதில் சொல்லியே ஆக வேண்டும், குதிரை நேரே வந்து நிற்கும்.

இவர் ஜெயிக்கக்கூட வேண்டாம். யோசித்து ஒரு நல்ல நகர்வு ஆடினால் போதும். ஆடினால், காலையும் சாயங்காலமும் சிதம்பரராஜ் அண்ணனை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு மெஸ்காரரிடம் சொல்லிவிட்டு, நான் ரயில் ஏறிவிடுவேன். ஆடவில்லையென்றால் இவரை ஒரு நாள்கூட விட முடியாது. என் பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து பெறுவாள்.

இவர் என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இவரை எப்படித் தோற்கடிப்பது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பும் முழுதாக வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

சிதம்பரராஜ் அண்ணன் வழக்கம்போலத் தோற்றார். காப்பி டம்ளரை அடுக்களைக்குக் கொண்டுவரும் சாக்கில் நானே அவரை நிறுத்தினேன். இவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஏன் வாராவாரம் ஒரே மாதிரி ஆடுதீங்க?"

டம்ளரைக் கழுவப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

"வேற என்ன ஆடச் சொல்லுத தங்கச்சி? பொங்கல் கழிச்சு ஒரு நாள் மாத்தி ஆடிப் பாத்தேன். நீ அன்னைக்கு கோயிலுக்குப் போயிருந்த. அஞ்சாவது நகர்த்தல்ல அவன் அழுதுட்டான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கிட்டச் சொன்னியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதமாக வந்து வந்து வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்து, கத்தி, மூளை என்று என்னை நம்பவைத்திருக்கிறார். அப்புறம்தான் உறைத்தது. அவருக்கும் இவர் ஒருவர்தானே சிநேகிதர். இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அழுததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அந்தச் சமயம்தான் இவர் அக்கா தவறிப்போனது. நான் என் ஏற்பாட்டை விடப்போவதில்லை.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்துக்குப் பயந்து இவரைக் கூட்டிப்போகவில்லை. இவர் கேட்கவும் இல்லை. மொட்டைமாடியில் நின்று வெடிச் சத்தம் மட்டும் கேட்டேன். வேண்டிக்கொள்ள ஆரம்பித்து, என்ன கேட்பதென்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

ஷைனி அழுதாள். வயிற்றில் தண்ணீர் குறைகிறதாம், அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்களாம்.

"எம்மா, ஒரு முடிவு சொல்லு. வருவியா, மாட்டியா?"

அவளிடம் சொல்லிவிட்டேன். அப்பாவோடு ஒரு ஆட்டம் ஆடப் போகிறேன், அதில் அவர் சரியாக ஆடினால் மறுநாளே டிக்கெட் என்றேன்.

"என்னம்மா இது, செஸ்ஸ வச்சா முடிவு பண்ணுவ?"

"வேற எதுக்கும் அவிய ஒத்துக்க மாட்டாவ ஷைனி. எனக்கும் வேற எதுவும் தெரியல."

பிறகு, "அப்பா ஜெயிச்சிரணும்" என்றாள். சின்னப் பிள்ளை போல.

ஜூலை 27, ஞாயிறு

ஆடியாயிற்று.

முதல் பூசைக்குப் போய் வந்தோம். இட்லி சாப்பிட்டார், தெளிவாக இருந்தார். கர்த்தரே என்று ஹாலில் பலகையை விரித்து நான் வெள்ளையை எடுத்துக்கொண்டேன். சிப்பாய், சிப்பாய். குதிரை, குதிரை. மறுபடி குதிரை, குதிரை. எப்போதும் போல என் கைக்குப் பின்னாலேயே அவர் கை வந்தது. நாலாவதில் என் குதிரையைத் தூக்கிப் போய் அந்தச் சிப்பாயை வெட்டினேன். வெட்டின கையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பல் வலி, தலைவலி என்று எழுந்துவிடுவார், என்ன செய்யலாம் என்று அதற்கும் சேர்த்து யோசித்து வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். இப்படிச் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகிறது. உடம்பு குலுங்க, வாய் திறந்து, பிடுங்கின பல் இடம் தெரிய. டப்பென்று என் குதிரையை எடுத்தார். நான் சிப்பாயை ஏற்றினேன். துரத்தப்பட்ட குதிரையைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார். நான் அதே சிப்பாயை மறுபடி ஏற்றி அந்தக் குதிரையை மிரட்டினேன். சென்னைப் பையன் சொன்னபடி இங்கேதான் எல்லாரும் குதிரையைக் காப்பாற்ற எங்கெங்கோ ஓடுவார்கள். இவர் அதைத் தொடவே இல்லை. வெட்டிக்கொள் என்று விட்டுவிட்டு மந்திரியை வெளியே எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் என்னைத் தோற்கடித்ததும் இதே நகர்வில்தான். இருப்பதிலேயே நல்ல பதில் இதுதான்.

என் கண் நிறைந்துவிட்டது. மனதுக்குள் பெட்டியை இறக்கி, புடவையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஷைனிக்குப் பிடித்த மக்ரூன் இரண்டு டப்பா வாங்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"எத்தன தடவ சொல்லுதேன் ஒனக்கு" என்றார், பலகையைப் பார்த்துக்கொண்டே. "வாங்கின குதிரைய வச்சுக்கிட்டு அழுதாத்தான ஒங்கிட்டத் தோக்கணும்? திருப்பிக் குடுத்துட்டா நீ என்ன பண்ணுவ?"

"எப்ப சொன்னீங்க?"

"ஏல செல்வின், சீக்கிரம் ஆடுல. மெஸ் மணி அடிச்சிருவான். இன்னைக்கு முட்டை உண்டு."

செல்வின் பாளையங்கோட்டைக் காலேஜ் ஹாஸ்டலில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். நான் ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஒல்லியாக, பெரிய காலர் சட்டையில். படிப்பு முடியுமுன்பே ஆற்றில் குளிக்கப் போய் இறந்துவிட்டார். அவர் செஸ் ஆடுவார் என்றோ, இப்படிக் குதிரையைக் கொடுத்து விளையாடுவார் என்றோ எனக்கு யாரும் சொன்னதில்லை. யாரும் ஆடாத ஆட்டம் என்று நான் வீடியோ வீடியோவாகத் தேடிப் பிடித்தது, இவர் இருபது வயதில் ஹாஸ்டல் அறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆடின ஆட்டம்.

"நான் பிலோங்க" என்றேன்.

காதில் விழாதது போல, கூடப் படிக்கிற பையனிடம் சொல்வது போலவே, "ஆடுல" என்றார்.

ஆடினேன். வேறு என்ன செய்ய? அவர் குதிரையை வெட்டினேன், அவர் மற்றக் குதிரையைக் கொண்டுவந்து என் நடுச் சிப்பாயை எடுத்தார். என் ராணி வந்தது, அவர் ராணியும் வந்து தன் குதிரைக்குப் பின்னால் நின்றது. மூலையில் ஒரு சிப்பாய் சும்மா கிடந்தது. எடுக்கக் கூடாது என்று எனக்கே தெரிந்தது, எடுத்தேன். அவர் குதிரையை விலக்கினார், பின்னால் நின்ற ராணி நேரே என் ராஜாவைப் பார்த்தது. அதற்கப்புறம் ஆட்டமே இல்லை. ராஜாவைச் சாய்த்தேன். அவர் எட்டி என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அப்படித் தொட்டதே இல்லை. அவ்வளவு பிரியமாக இருந்தது அந்த அடி, அந்த செல்வின்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் சாளை மீன் குழம்பு ஊற்றினேன். "பிலோ, புளி கூடிட்டு" என்றார். திரும்பி வந்துவிட்டார். எங்கே போய்விட்டு வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஜெயித்த ஆட்டத்தையாவது நினைவிருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பயந்து விட்டுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

காலையில் ஷைனியே கூப்பிட்டாள். நேற்று முழுக்க நான் போனை எடுக்கவில்லை.

"எம்மா, டிக்கெட் போட்டாச்சா?"

"இல்லட்டி. நான் வரல."

"அப்பா தோத்துட்டாவளா?"

"இல்ல. ஜெயிச்சுட்டாவ."

"அப்புறம் என்னம்மா? ஜெயிச்சா வருவேன்னுதான சொன்ன?"

"அவிய என்னைய ஜெயிக்கல ஷைனி. செல்வின ஜெயிச்சாவ."

எந்த செல்வின் என்று கேட்டாள். ஆல்பத்தில் பெரிய காலர் சட்டை என்றேன். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இறந்து போனவர் என்பதும் ஞாபகம் வந்திருக்கும், போன் அமைதியாகிவிட்டது. அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. எக்சேஞ்சில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை பேர் பேசாமல் லைனில் இருப்பதைக் கேட்டிருக்கிறேன், அறுத்துவிடாமல் காத்திருப்பேன்.

"சரிம்மா" என்றாள் கடைசியில். "நீ அப்பாவப் பாத்துக்க. எதிர்வீட்டு மராத்தி அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்கள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கேக்கேன். நீ ஒண்ணும் நினைக்காத."

அவ்வளவு மரியாதையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். இந்த நேரத்தில் ஒரு அம்மா இல்லாமல் என் பிள்ளை அங்கே என்ன செய்வாள்? வெட்கத்தை விட்டு அந்த மராத்திக்காரியிடம் நானே பேச வேண்டும், எந்த மொழியில் பேசுவதென்று தெரியவில்லை.

ஹாலில் காய்களை அடுக்கும் சத்தம் கேட்டது. வெள்ளையை எனக்கு வைத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏல, வாரியா இல்லையா?"

அடுப்பை அணைத்தேன். அணைந்ததா என்று குனிந்து பார்த்தேன்.

"வாரேன்ல" என்றேன்.